பித்தநாளத்தில் பெரிய கல்: பலூனா, லேசரா, அறுவை சிகிச்சையா?

மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் குழாய்தான் பித்தநாளம்; அதைக் கல் அடைத்து வரும் காமாலைக்குக் கீழாநெல்லி உதவாது. மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரித்தால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். கூடவே குளிர்காய்ச்சலும் மேல்வயிற்று வலியும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சாதாரண வயிற்று ஸ்கேன் பித்தப்பைக் கல்லை நன்றாகக் காட்டும். நாளத்தின் கீழ்ப்பகுதியைத்தான் குடல்வாயு மறைத்துவிடும். அடுத்தது எம்.ஆர்.சி.பி.யா (பித்தநாளத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்), எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டா? பொடிக்கற்களைக் கண்டுபிடிப்பதில் இரண்டாவதுதான் கெட்டி. பெரிய கல் என்றால் நான் எம்.ஆர்.சி.பி. பக்கம். கல் எத்தனை, எவ்வளவு பெரிது, அதற்குக் கீழே நாளம் எவ்வளவு அகலம் என்று ஒரே படத்தில் தெரிந்துவிடும். கல் பெரிதாக இருந்து கீழே நாளம் குறுகலாக இருந்தால், சிகிச்சையே மாறும்.

இ.ஆர்.சி.பி. மூலம், அதாவது தொண்டை வழியாக எண்டோஸ்கோப்பைக் குடல்வரை செலுத்தி, நாளம் குடலில் திறக்கும் வாயைக் கீறிக் கல்லெடுக்கும் முறை 1974 முதல் இருக்கிறது. 15 மி.மீ.க்கு மேற்பட்ட கல் அதற்கு எளிதில் மசியாது. அப்போது முதல் தேர்வு பலூன். வாயைச் சிறிதாகக் கீறி, 12 முதல் 20 மி.மீ. வரையுள்ள பலூனை மெதுவாக ஊதுவார்கள். எக்ஸ்ரே திரையில் முதலில் பலூனின் நடுவில் இடுப்புபோல ஒரு குறுகல் தெரியும்; வாய் விரிய விரிய அது மறையும். நாளத்தின் அகலத்தைத் தாண்டி மட்டும் ஊதக் கூடாது. 2019-ல் வந்த ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தின் வழிகாட்டுதலும் இந்தப் பலூன் முறையைத்தான் முதலில் வைக்கிறது.

கம்பிக்கூடையில் பிடித்து நொறுக்குவது பழைய முறை, செலவும் குறைவு. ஆனால் நாளத்தையே அடைத்து நிற்கும் கல்லைச் சுற்றிக் கூடை விரிய இடமிருக்காது. சில நேரம் கல்லோடு கூடையும் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில்தான் லேசர் ஜெயிக்கிறது: மெல்லிய கேமரா நாளத்துக்குள்ளேயே போய், கல்லைக் கண்ணால் பார்த்து உடைக்கிறது. செலவு அதிகம், பெரிய மையங்களில்தான் கிடைக்கும்.

பித்தப்பையிலும் கல் இருந்து, கைதேர்ந்த அறுவை மருத்துவரும் கிடைத்தால், லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவையில்) ஒரே தடவையில் இரண்டையும் முடிப்பது நல்ல வழி. இதை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டியதில்லை.

அப்புறம் பிளாஸ்டிக் ஸ்டென்ட், அதாவது பித்தம் வழிந்தோட நாளத்துக்குள் வைக்கும் சிறு குழாய். கிருமித்தொற்று முற்றியவருக்கும் தள்ளாத வயதினருக்கும் அது உயிர் காக்கும், ஆனால் கல் உள்ளேயேதான் இருக்கும். 3 முதல் 6 மாதங்களுக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். வலி போய்விட்டது என்று விட்டுவிட்டால் ஸ்டென்ட் அடைத்து, தொற்று திரும்ப வரும். எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.