ஏர் எடுத்தாகிவிட்டது என்ற ஒரு வார்த்தையை நம்பி 1,86,000 ரூபாயை இழந்தேன்

நாகப்பட்டினத்தில் சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நாங்கள் இன்ஜின் வேலைகளை முடித்தாக வேண்டும் என்பது எல்லாப் பட்டறைக்கும் தெரியும். இந்த ஆண்டு, துறைமுகத்தை ஒட்டிய ஒரு கடல் இன்ஜின் பட்டறையில் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஹோஸ்களை மாற்றி, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான பழைய கூலன்ட்டை முழுவதும் வடித்துப் புதிதாக நிரப்பக் கொடுத்தேன். பெயரைச் சொல்லவில்லை. ஏர் எடுப்பது என்றால் கூலன்ட் ஓடும் பாதையில் அடைபட்ட காற்றை வெளியேற்றுவது; அதன் முறையைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தடை முடிவதற்கு முந்தைய நாள் மாலையில் மெக்கானிக் இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். படகின் பக்கவாட்டில் கொட்டிய தண்ணீரைக் காட்டி, "ஏர் எல்லாம் எடுத்தாச்சு அண்ணே, தண்ணி எப்படிப் போகுது பாருங்க, தைரியமா கடலுக்குப் போங்க" என்றார். நான் அந்தத் தண்ணீரைப் பார்த்தேன், நம்பினேன், கையெழுத்துப் போட்டேன். ஆனால் வெளியே கொட்டுவது கடல் தண்ணீர். அது ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் வந்து சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும் தனிச் சுற்று. ஏர் அடைத்துக்கொள்வது இன்ஜினுக்குள்ளேயே சுழலும் கூலன்ட்டின் சுற்றில். கூலன்ட் சூடானால் மட்டும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் ஐந்து நிமிடத்தில் திறந்திருக்கவே முடியாது; அது திறக்காமல் அந்தச் சுற்றின் ஏர் முழுவதும் வெளியேறாது. இது தெரிந்த மனிதர்தான் என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னார்.

ஜூன் 15 அன்று, கரையிலிருந்து 14 கடல் மைல் தொலைவில், பெயின்ட் கருகும் வாடை வந்தது. மீட்டரின் முள் வழக்கமான இடத்திலேயே நின்றது, அலாரமும் அடிக்கவில்லை; சென்சார் காற்றுக்குள் நின்றதால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டின் சூடு அதற்கு எட்டவில்லை. இன்ஜின் இழுவை குறைந்து, ஆவி பீறிட்ட பிறகுதான் நிறுத்தினோம். வேறொரு படகு எங்களைக் கட்டி இழுத்து வந்தது. ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட் எரிந்து, வால்வுகளுக்கு நடுவே ஹெட்டில் வெடிப்பு விழுந்திருந்தது. ஹெட்டுக்கு 1,12,000, கேஸ்கட்டுக்கும் கூலிக்கும் 41,000, வீணான டீசலுக்கும் ஐஸுக்கும் 33,000, ஆக 1,86,000 ரூபாய்.

பட்டறையைக் கேட்டால் முதல் நாள் தெர்மோஸ்டாட் பழையது என்றார்கள். மறுநாள் முதலாளி வெளியூரில் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள், வேறு ஆள் கழற்றிவிட்டதால் இனித் தங்களுக்குப் பொறுப்பில்லை என்றார்கள். அதன்பின் போனையே எடுப்பதில்லை. இன்ஜினைக் கழற்றிய இரண்டாவது பட்டறைக்காரர்தான் பில்லைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். என் இன்ஜினின் கையேட்டில் கூலன்ட் கொள்ளளவு 26 லிட்டர் என்று இருக்கிறது. அவர்கள் ஊற்றியதாகப் பில் போட்டிருப்பது 19 லிட்டர். மீதி 7 லிட்டர் இடத்தில் இருந்தது காற்று. அதே பில்லில் ஏர் எடுத்த கூலி என்று 1,500 ரூபாயும் இருக்கிறது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

விரிவாக எழுத இப்போது நேரமில்லை. ஊற்றிய லிட்டரைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூலன்ட்டை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள்; மேலே உள்ள, ஏரை வெளியேற்றும் பிளீட் ஸ்குரூக்களில் குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை அவற்றை மூட விடாதீர்கள். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓட்டி, நிறுத்தி, ஆறியபின் மட்டம் இறங்கியிருந்தால் மறுபடி ஊற்றச் சொல்லுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. இதெல்லாம் முடியாமல் 1,500 ரூபாய்ப் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு அந்தக் கையெழுத்தின் விலை 1,86,000 ரூபாய். இரண்டாவது பட்டறையில் புது ஹெட் ஏறிவிட்டது, கூலன்ட் ஊற்றப் போகிறார்களாம். நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.