எத்தீரியம் பரிவர்த்தனையை ஏஐ முகவர் எதன் வழியே பார்ப்பது: நோட், எக்ஸ்ப்ளோரர், எம்சிபி கருவி

எத்தீரியம் என்ற பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் பகிர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டில், நடந்த பரிவர்த்தனை ஒன்றின் ஹாஷை, அதாவது 64 பதினாறடிமான இலக்கங்களால் ஆன அதன் அடையாளத்தை, ஓர் ஏஐ முகவரிடம் (மொழி மாதிரியால் இயங்கி, கருவிகளைத் தானே அழைக்கும் மென்பொருளிடம்) கொடுத்து, "இந்தப் பணம் வந்து சேர்ந்துவிட்டதா?" என்று கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முகவர் விடை தேடும் வழிகள் பெரும்பாலும் மூன்று: நோட் ஒன்றை, அதாவது அந்தப் பதிவேட்டின் பிரதியை வைத்திருக்கும் கணினியை, ஆர்பிசி எனும் தொலை அழைப்பால் நேரடியாகக் கேட்பது, பதிவேட்டைத் தேடிப் பார்க்க உதவும் ஈத்தர்ஸ்கேன் போன்ற எக்ஸ்ப்ளோரர் தளத்தின் ஏபிஐயை (நிரல்கள் தகவல் கேட்கும் இடைமுகத்தை) நாடுவது, ஏஐ மாதிரிகளை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் இந்தத் தேடலுக்கென்றே அமைந்த கருவியைப் பயன்படுத்துவது. மூன்றும் ஒரே தொடரைத்தான் (பிளாக்செயினைத்தான்) படிக்கின்றன. படித்ததில் எவ்வளவைத் தாமே பொருள்படுத்தித் தருகின்றன, எவ்வளவை மொழி மாதிரியின் ஊகத்துக்கு விடுகின்றன என்பதை வைத்தே இவற்றை மதிப்பிட வேண்டும்.

நம்பகத்தில் நோட்டுக்கு நிகர் இல்லை, அது நாமே நடத்தும் நோட்டாக இருந்தால். எத்தீரியத்தில் 2017 அக்டோபரில் வந்த பைசாண்டியம் மேம்படுத்தலுக்குப் பிறகு ஒவ்வொரு பரிவர்த்தனையின் ரசீதிலும் வெற்றியை 1 என்றும் தோல்வியை 0 என்றும் குறிக்கும் புலம் இருக்கிறது. ஆனால் தொகைகள் பதினாறடிமான எண்களாக, மிகச் சிறிய அலகில் வருகின்றன. எத்தீரியத்தின் நாணயமான ஈதருக்கு 18 தசம இடங்கள், டாலருக்கு நிகரான யூஎஸ்டிசி என்ற டோக்கனுக்கு (எத்தீரியத்தின் மேல் உருவாக்கப்பட்ட நாணயத்துக்கு) 6 மட்டுமே. எல்லாவற்றுக்கும் 18 என்று முகவர் கருதிவிட்டால் 250 டாலர் கிட்டத்தட்டச் சுழியமாகிவிடும். இத்தகைய நீண்ட எண்களை மொழி மாதிரியே மனக்கணக்காகப் போடும்படி விடுவது ஏற்கத்தக்கதன்று. மேலும், ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (தொடரிலேயே இயங்கும் நிரல்) ஒன்று தன்னிடமிருந்து ஈதரை வேறொருவருக்கு அனுப்பினால் அந்த உள் பரிமாற்றம் ரசீதில் தானாக இடம்பெறாது. அதைக் காண, பரிவர்த்தனை இயங்கிய ஒவ்வொரு படியையும் காட்டும் டிரேஸ் வசதி தேவை, அதைப் பொது நோட்கள் பலவும் திறந்து வைப்பதில்லை.

எக்ஸ்ப்ளோரர்கள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கின்றன: உள் பரிமாற்றங்களையும் டோக்கன் நகர்வுகளையும் தொகுத்துத் தருகின்றன, மூலநிரல் சரிபார்க்கப்பட்ட கான்ட்ராக்ட்களின் நிரலையும் காட்டுகின்றன. இருப்பினும் இந்த ஏபிஐகள் நிரலாளர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஈத்தர்ஸ்கேனில் பரிவர்த்தனையின் நிலையை அறிய இரண்டு அழைப்புகள் உள்ளன. ஒன்று பிழை உண்டா என்று சொல்வதால் அதில் 0 என்பதே வெற்றி; மற்றொன்று ரசீதின் நிலையைச் சொல்வதால் அதில் 0 என்பது தோல்வி. இவ்விரண்டுக்கும் வெளியே, பதிலின் தலைப்பிலும் ஒரு 1 வருகிறது. கேள்வி முறையாக ஏற்கப்பட்டது என்பது மட்டுமே அதன் பொருள். ஆவணத்தைப் படித்த நிரலாளர் இதை ஒருமுறை நிரலில் எழுதிவிட்டால் போதும். முகவரோ ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிப்பதால், தோல்வியடைந்த பரிவர்த்தனையை வெற்றி என்று உறுதியான நடையில் சொல்லிவிடும் வாய்ப்பு இருக்கிறது. பிளாக்ஸ்கவுட் என்ற மற்றோர் எக்ஸ்ப்ளோரர் திறந்த மூல மென்பொருள் என்பதால், அதைச் சொந்தச் சேவையகத்தில் நிறுவிக்கொள்ளலாம்.

எம்சிபி என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட நெறிமுறை. பிளாக்ஸ்கவுட்டும் இம்முறையில் ஒரு சேவையகத்தை வழங்குகிறது. இங்கே கருவியின் பெயரையும் விளக்கத்தையும் முகவரே படித்து, எப்போது அழைப்பது என்று முடிவெடுக்கிறது. ஆகவே அந்த விளக்கம் கருவியின் செயல்பாட்டிலேயே ஒரு பகுதி. "பரிவர்த்தனை விவரம் தரும்" என்ற ஒற்றை வரி போதாது. பரிவர்த்தனையை ஹாஷால் மட்டுமே தேட முடியும், அதோடு எந்தத் தொடர் என்பதையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும், கணக்கு முகவரியின் வரலாற்றை இது தராது என்பனவற்றையும் அது சொல்ல வேண்டும். காத்திருக்கும் பரிவர்த்தனைக்கும் இல்லாத பரிவர்த்தனைக்கும் நோட் ரசீது தராது. கருவி இவ்விரண்டையும் தனித்தனி விடைகளாகப் பிரித்துச் சொல்ல முயல வேண்டும். எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுதி) உருவானாலும், அது இனி மாறாது என்ற இறுதியுறுதி கிடைக்க வழக்கமாக ஏறத்தாழ 13 நிமிடங்கள் ஆகின்றன என்பதால், பிளாக்கில் சேர்ந்தது என்பதையும் இனி மாறாது என்பதையும் ஒரே சொல்லால் குறிப்பது பெரும் பிழை.

இந்த வழிக்கும் ஆபத்து உண்டு. டோக்கனை உருவாக்குபவர் அதற்கு எந்தப் பெயரையும் வைக்கலாம். யூஎஸ்டிசி என்றே பெயரிடலாம், முகவருக்கான கட்டளை ஒன்றையே பெயராக எழுதியும் வைக்கலாம். அந்த எழுத்துகள் நேராக மாதிரியின் பார்வைக்குச் செல்கின்றன. ஆகவே பெயரை நம்பாமல் கான்ட்ராக்ட் முகவரியைக் கொண்டே டோக்கனை அடையாளம் காணும் கருவியையே நான் ஏற்பேன்.

விளக்கம் கேட்கும் அன்றாடப் பயன்பாட்டுக்கு நன்கு எழுதப்பட்ட எம்சிபி கருவியே என் தேர்வு. ஆனால் அந்த விடையை நம்பிச் சரக்கு அனுப்பப்படும் என்றாலோ பணம் விடுவிக்கப்படும் என்றாலோ, இறுதியுறுதி பெற்ற பிளாக்கில் அது இருக்கிறதா என்பதைக் கருவியின் நிரலே நோட்டிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அந்தப் பொறுப்பை மாதிரியிடம் விடலாகாது. முகவரிகளையும் கருவி முழுமையாகவே தர வேண்டும். 2024 மே மாதத்தில் ஒருவர், முதல் எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் ஒத்திருந்த போலி முகவரிக்கு 1,155 டபிள்யூபிடிசியை (பிட்காயினுக்கு நிகரான டோக்கனை), அன்றைய மதிப்பில் சுமார் 6.8 கோடி டாலரை, அனுப்பிவிட்டார். அதில் பெரும்பகுதி பின்னர் திருப்பித் தரப்பட்டது. நடுவெழுத்துகளை வெட்டிச் சுருக்கிய முகவரியை முகவருக்குக் கொடுக்கும் கருவி எதுவாயினும், மற்றச் சிறப்புகள் எத்தனை இருந்தாலும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.