சுனையோரம் ஒன்று, ஆற்றோரம் ஒன்று

நியூயார்க் பொது நூலகம் 2005இல் தன்னிடமிருந்த ஓர் ஓவியத்தை விற்றபோது, அந்த நகரத்துக் கலை ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ஏஷர் டுராண்ட் 1849இல் வரைந்த ‘கிண்ட்ரட் ஸ்பிரிட்ஸ்’ அது. வாங்கியவர் வால்மார்ட் நிறுவனரின் மகள் ஆலிஸ் வால்டன். சுமார் 3.5 கோடி டாலர் கொடுத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. இன்று அதைப் பார்க்க ஆர்கன்சாவில் உள்ள பென்டன்வில்லுக்குப் போக வேண்டும்.

அங்கே 2011இல் திறக்கப்பட்டது வால்டன் நிறுவிய கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம். பென்சில்வேனியாவின் சாட்ஸ் ஃபோர்டில், பிராண்டிவைன் ஆற்றங்கரையில், 1971இல் திறந்த பிராண்டிவைன் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டுமே பெருநகரத்துக்கு வெளியே அமெரிக்கக் கலையை வைத்திருப்பவை. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் என் பதில் மாறிக்கொண்டே இருந்தது. இப்போது மாறுவதில்லை.

முதலில் பென்டன்வில். மோஷே சாஃப்டி வடிவமைத்த கட்டடம் ஒரு பள்ளத்தாக்கில் இறங்கிக் கிடக்கிறது. மேலிருந்து கீழே இறங்கித்தான் உள்ளே நுழைகிறோம். சுனை நீர் நிரப்பும் குளங்கள். அவற்றின் மேல் ஆமை ஓடுபோல் வளைந்த செப்புக் கூரைகள். நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி: அவர்கள் சிணுங்கினால் வெளியே காட்டுப் பாதையில் நடத்திவிட்டுத் திரும்ப வரலாம், காசு வீணாயிற்றே என்ற கவலை இல்லை.

உள்ளே வரிசையாக நடந்தால் அமெரிக்க வரலாறே காலவாரியாக ஓடும். கில்பர்ட் ஸ்டூவர்ட்டின் வாஷிங்டன், நார்மன் ராக்வெல்லின் ‘ரோஸி’, 2014இல் 4.44 கோடி டாலருக்கு வாங்கிய ஜார்ஜியா ஓ’கீஃபின் வெள்ளை ஊமத்தம்பூ. டுராண்டின் ஓவியத்தின் முன்னால் மட்டும் அவசரப்படாதீர்கள். பாறை விளிம்பில் இரண்டு பேர் நிற்கிறார்கள்: ஓவியர் தாமஸ் கோல், கவிஞர் பிரையன்ட். எல்லோரும் அவர்களையே பார்த்துவிட்டு நகர்கிறார்கள். இடது பக்கத்து மரத்தண்டை உற்றுப் பாருங்கள்; கோயில் சுவரில் பெயர் கிறுக்குவதுபோல் இருவர் பெயரும் பட்டையில் செதுக்கப்பட்டிருக்கும்.

ஆனால் அந்த மலை நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில். ஆர்கன்சாவின் ஓசார்க் மலையடிவாரத்தில் நின்று அதைப் பார்க்கிறோம். இங்கே எல்லாமே வந்து சேர்ந்தவைதான். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த வீடு ஒன்றையே நியூ ஜெர்சியிலிருந்து பலகை பலகையாகப் பிரித்து, ஆயிரம் மைலுக்கு மேல் கொண்டுவந்து கூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பழைய இடத்தில் ஆற்றுவெள்ளம் அடிக்கடி உள்ளே வந்ததால் உரிமையாளர்களே விற்றுவிட்டார்கள்.

பிராண்டிவைனிலும் வெள்ளம் வரும். 2021 செப்டம்பரில் ஐடா புயலின்போது கீழ்த்தளம் மூழ்கியது. மேல்மாடிகளில் இருந்த ஓவியங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காக அருங்காட்சியகத்தை வேறிடத்துக்கு மாற்றவில்லை. 19ஆம் நூற்றாண்டு மாவு ஆலைதான் இன்றும் கட்டடம். கூடங்கள் சின்னவை, உத்தரங்கள் தாழ்வானவை, கட்டணம் உண்டு. ஓவியர் ஆண்ட்ரூ வயத்தின் உலகப் புகழ்பெற்ற ‘கிறிஸ்டினாஸ் வேர்ல்ட்’ இங்கே இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். அது நியூயார்க்கில் இருக்கிறது.

இருப்பது வயத் குடும்பத்து ஓவியர்களின் மூன்று தலைமுறை: என்.சி. வயத், மகன் ஆண்ட்ரூ, பேரன் ஜேமி. ஜேமி 1970இல் வரைந்த பன்றி ஒரு சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது அவருடைய வர்ணக் குழாய்களைத் தின்ற பன்றி என்று சொன்னால் பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். ஆண்ட்ரூவின் டெம்பராவைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வர்ணம் நொடியில் காய்ந்துவிடும். தேய்த்துக் கலக்க முடியாது. அதனால் மயிரிழைக் கோடாகவே இட்டு நிரப்பியிருக்கிறார். காய்ந்த புல் என்றால் ஒவ்வொரு இழையும் தனித்தனி.

அந்தப் புல் இன்னமும் வெளியே இருக்கிறது என்பதுதான் என் பதிலை முடிவு செய்தது. பக்கத்திலேயே கர்னர் பண்ணையும் அதன் குன்றும். 1945இல் பண்ணையின் அருகே இருந்த ரயில் பாதைக் கடவில் என்.சி. வயத்தும் அவருடைய பேரக்குழந்தையும் இறந்தார்கள். அதன்பிறகு ஆண்ட்ரூ அந்தக் குன்றைத் திரும்பத் திரும்ப வரைந்தார். தன் அப்பாவை அவர் ஓவியமாகத் தீட்டியதில்லை. குன்றின் முன் நின்றால், பெயர்ப்பலகையில் எழுதாத விஷயம் ஒன்று புரிகிறது. அதை எந்தக் கோடீஸ்வரராலும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

ஓவியங்களை அவற்றின் ஊரிலிருந்து பெயர்க்கும் முயற்சி நடக்காமலும் இல்லை. தாமஸ் ஈகின்ஸின் ‘கிராஸ் கிளினிக்’ ஓவியத்தை 2006இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தோடு சேர்ந்து 6.8 கோடி டாலருக்குக் கேட்டார் வால்டன். பிலடெல்பியா மக்கள் நன்கொடை திரட்டி அதைத் தங்கள் நகரத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

ஆகவே, அமெரிக்க ஓவியத்தையே முதன்முறை பார்க்கிறவர்கள் பென்டன்வில் போகலாம். அரை நாளில் ஒரு முழுப் பாடம். எனக்கு இன்னொரு நாள் கிடைத்தால் சாட்ஸ் ஃபோர்டுதான். பண்ணைக்கும் ஓவியர் வீடுகளுக்கும் குளிர்காலத்தில் அழைத்துப் போவதில்லை, டிக்கெட்டும் தனி. அக்டோபர் கடைசியில், புல் பழுத்துவிட்ட பிறகு போங்கள். முதலில் ஆலை, பிறகு பண்ணை.