சீரிஸ் ரெகுலேட்டர்: 22,000 கிலோமீட்டருக்குப் பிறகும் ஆறாத கோபம்

என்னிடம் இருக்கும் அதே இரட்டை சிலிண்டர் பைக்கை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அளவாக வைக்கும் கருவியான ரெகுலேட்டரில் சீரிஸ் என்ற வகையின் விலை குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அதை வாங்கிப் போடலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அதை மாட்டி 22,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ஆனால் சார்ஜிங் என்று பேச்செடுத்தாலே என் கண்முன் வந்து நிற்பது ரெகுலேட்டர் அன்று; சீட்டுக்கு அடியில் வயர்களை இணைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கப்ளர்தான்.

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், விராலிமலையைத் தாண்டிச் சிறிது நேரத்தில் ஹெட்லைட் மங்கியது. டீ குடிக்க நிறுத்தினேன். திரும்பி வந்தபோது செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரியில் 11.4 வோல்ட்தான் இருந்தது. சீட்டைக் கழற்றியதும் கருகிய பிளாஸ்டிக் நாற்றம் முகத்தில் அடித்தது. இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் காயிலான ஸ்டேட்டரிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் மூன்று மஞ்சள் வயர்களில் ஒன்று கப்ளருக்குள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு அங்குல நீளத்துக்கு அதன் மேலுறை பழுப்பேறியிருந்தது, விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது, உள்ளே செம்பு கறுத்திருந்தது.

அந்தக் கப்ளர் 31,000 கிலோமீட்டர் தாங்கியது என்பதையும், வாட்டர் சர்வீஸில் நான் பலமுறை அந்தப் பக்கம் தண்ணீர் பீய்ச்சவிட்டேன் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 20 ஆம்பியர் ஓடும் இடத்தில், துரு ஏறிய ஒரு பின்னில் 0.1 ஓம் தடை உருவானால், அந்த ஒரே பின்னில் 40 வாட் வெப்பம் பிறக்கும். மின் பழுதுபார்க்கும் கடையில் ஈயம் உருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, அதையும் மழைநீர் வடியும் இடத்தில் வைத்தவர்களை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கப்ளரோடு ஸ்டேட்டர் காயிலும் போய்விட்டிருந்தது. மஞ்சள் வயர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஏசி வோல்ட் பார்த்தால் மூன்று ஜோடியிலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். எனக்கு ஒரு ஜோடியில் மட்டும் பாதிகூட வரவில்லை. மோட்டார் ரீவைண்டிங் கடையில் கொடுத்துக் காயிலைப் புதிதாகக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் ரெகுலேட்டரையும் மாற்றினேன்.

பல வண்டிகளில் வரும் ஷண்ட் வகை ரெகுலேட்டர், தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தைக் காயிலுக்கே ஷார்ட் செய்து திருப்பிவிடுகிறது. அதனால் லைட்டை அணைத்தாலும் ஸ்டேட்டருக்கு ஓய்வு கிடையாது. கூடுதல் லைட் போட்டால் காயில் எரிந்துவிடும் என்று பலர் அஞ்சுவது இந்த வகையில் பொருளற்றது. போட்டாலும் போடாவிட்டாலும் அது முழுச் சுமையில்தான் வேலை செய்கிறது. சீரிஸ் வகையோ மிஞ்சும் நேரத்தில் சுற்றையே திறந்துவிடுகிறது, காயில் இளைப்பாறுகிறது. நான் மாட்டியது சிண்டெங்கன் எஸ்எச்775 என்ற சீரிஸ் ரெகுலேட்டர். பழைய ரெகுலேட்டரின் மேல் நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பின் கை வைக்க முடியாது. இதன் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொள்ளலாம். வண்டியில் எனக்கு இதைவிட மகிழ்ச்சி தந்த மாற்றம் வேறில்லை. 4,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் 14.3 வோல்ட், கோடையிலும் மழையிலும் அசையாமல் நிற்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சுற்றுத் திறந்திருக்கும்போது காயிலில் வோல்டேஜ் மிகவும் ஏறும் என்பதால், ரீவைண்டிங்கில் மட்டமான எனாமல் வயர் போட்டால் அது நிலைக்காது.

இவ்வளவு புகழ்ந்த பின்னும் நண்பரிடம் நான் சொன்னது, வாங்காதீர்கள் என்பதுதான். அவருடைய வண்டியில் ஷண்ட் ரெகுலேட்டர் இன்னும் 14.1 வோல்ட் கொடுக்கிறது, மஞ்சள் வயர் எதுவும் எர்த் ஆகவில்லை, அதாவது வண்டியின் உலோக உடம்போடு தொடர்பு கொள்ளவில்லை, ஆனால் அந்தக் கப்ளரின் ஓரம் லேசாகப் பழுப்பேறத் தொடங்கியிருக்கிறது. விலை உயர்ந்த ரெகுலேட்டரை அதே கப்ளரில் செருகினால், அடுத்த விராலிமலை அவருக்காகக் காத்திருக்கும். கப்ளரை வெட்டிவிட்டு, மூன்று வயர்களையும் நேரடியாக இணைத்து கிரிம்ப் செய்து (நசுக்கிப் பிடித்து), சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றினால் நூறு ரூபாய்கூட ஆகாது. பின்னாளில் ஸ்டேட்டரைக் கழற்ற வேண்டி வந்தால் வயரை மறுபடி வெட்ட வேண்டும், வெட்டிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு வரச் சொல்லியிருக்கிறேன்.