சோலார் மானியம்: 2 கிலோவாட்டா, 3 கிலோவாட்டா, 5 கிலோவாட்டா?

வீட்டு மாடியில் சோலார் பேனல் போட மத்திய அரசு மானியம் தரும் ‘பிஎம் சூர்யா கர்’ திட்டத்தில் வீட்டுக்கு அதிகபட்ச மானியம் 78,000 ரூபாய். அதை முழுசாக வாங்கிவிட வேண்டும் என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு 3 கிலோவாட் போடுகிறார்கள். தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இது எல்லா வீட்டுக்கும் லாபமில்லை.

முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். அரசு வைத்திருக்கும் அடிப்படை விலை முதல் இரண்டுக்குத் தலா 50,000, மூன்றாவதற்கு 45,000. ஆக, மூன்றாவது கிலோவாட்டுக்கு நம் கையிலிருந்து 27,000 போகும்.

இனி பில். ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும். வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வீட்டிலிருந்து மின்வாரியத்துக்குப் போகும் மின்சாரத்தையும் அளக்கும் நெட் மீட்டரில் இது மொத்தப் பயன்பாட்டிலிருந்து கழிவதால், விலை அதிகமான மேல்படி யூனிட்டுகள்தான் முதலில் குறையும். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை முதல் நாம் கட்டும் விகிதத்தில் பில் 2,880 ரூபாய். சோலார் வீடுகளிடம் மின்வாரியம் தன் லைனைப் பயன்படுத்துவதற்காக வாங்கும் நெட்வொர்க் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை.

1 கிலோவாட் போட்டால் 360 யூனிட்டுக்கு 987 ரூபாய். 2 போட்டால் 120 யூனிட்டுக்கு வெறும் 47. மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது அந்த 47 ரூபாயைத்தான். வருஷத்துக்கு 282 ரூபாய்க்காக 27,000 போடுவானேன்? முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம், அதைச் சோலாரில் ஈடுகட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, மின் ஸ்கூட்டர் என்று பயன்பாடு கூடப்போகிறது என்றால் மட்டும் 3.

1,000 யூனிட் வீட்டில் கதையே வேறு. 6,870 ரூபாய் பில் 3 கிலோவாட்டில் 611 ஆகிவிடும். நான்காவது போட்டால் அந்த 611-ம் போகும், ஆனால் மானியம் கிடையாது.

1,500 யூனிட் ஓடுகிற பெரிய வீட்டுக்குத்தான் 5 கிலோவாட். 3 போட்டால் பில் 4,581, 5 போட்டால் 705. மானியமில்லாத அந்த இரண்டு கிலோவாட் வருஷத்துக்கு 23,000 ரூபாய்க்கு மேல் மிச்சம் தரும். ஆனால் 5-க்குப் பொதுவாகத் த்ரீ பேஸ் இணைப்பும், நிழல் விழாத 500 சதுர அடி மாடியும் வேண்டும்.

பேனலில் அடுத்த குழப்பம். மானியம் வேண்டுமென்றால் செல், பேனல் இரண்டும் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் ‘டிசிஆர்’ என்பார்கள். வெளிநாட்டுச் செல் வைத்து இங்கே கோத்த பேனல் விலை குறைவு, ஆனால் மானியம் வராது. 2, 3 கிலோவாட்டுக்கு டிசிஆரே லாபம். 8, 10 போடுகிறவர்கள் விலை வித்தியாசத்தை மொத்தமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும், சில சமயம் 78,000-ஐ விட்டுக்கொடுப்பதே மேல்.

பேனல், அதன் மின்சாரத்தை வீட்டு உபயோகத்துக்கு ஏற்றபடி மாற்றும் இன்வர்ட்டர் இரண்டில் எதன் திறன் குறைவோ அதற்குத்தான் மானியக் கணக்கு. 540 வாட் பேனல் ஆறு போட்டால் 3.24 கிலோவாட். அதற்கு 2.5 கிலோவாட் இன்வர்ட்டரை மாட்டிவிட்டால் மானியம் 78,000 அல்ல, 69,000. கொட்டேஷனில் இரண்டு திறனும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பேட்டரி? கிரிட்டோடு, அதாவது மின்வாரிய லைனோடு, இணைக்காத சிஸ்டத்துக்கு மானியமே இல்லை. கிரிட், பேட்டரி இரண்டும் சேர்ந்த ஹைப்ரிட் போட்டால் பேனலுக்கு உண்டு, பேட்டரி நம் செலவு. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் மட்டும் போட்டால், கரண்ட் போகும்போது வெயில் கொளுத்தினாலும் சோலார் நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக இன்வர்ட்டரே அணைந்துகொள்கிறது.

அடுக்குமாடிச் சங்கத்துக்கு லிஃப்ட், மோட்டார், பொதுவிளக்கு மாதிரியான பொது இணைப்புகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000, உச்சவரம்பு 500 கிலோவாட்.

பணம் சிக்குவது பெரும்பாலும் காகிதத்தில். மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில், வங்கிக் கணக்கு மகன் பெயரில் என்றால் மானியம் தொங்கும். விண்ணப்பிக்கும் முன்பே பெயர் மாற்றிவிடுங்கள். திட்டத்தில் பதிவு செய்யாத நிறுவனத்திடம் போட்டாலும் கிடைக்காது. மானியம் வருவது எல்லாம் முடிந்து, நெட் மீட்டர் பொருத்திச் சான்று திட்டத்தின் இணையதளத்தில் ஏறிய பிறகுதான். அதுவரை முழுத்தொகையும் நம் பொறுப்பு, கைக்காசாக இருந்தாலும் கடனாக இருந்தாலும்.