பீசா தரவை எதில் அலசலாம்: இணையக் கருவியா, ஐடிபி அனலைசரா, ஆர் மொழியா?

பதினைந்து வயது மாணவர்களின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிட, ஓஈசிடி என்னும் பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு நடத்தும் தேர்வு பீசா. அதன் முடிவுகள் வந்தால் எந்த நாடு முதலிடம், எது கடைசி என்ற பட்டியலோடு செய்தி முடிந்துவிடுகிறது. வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைகள் எந்த நாட்டில் அவ்வளவாகப் பின்தங்கவில்லை என்று தெரிய வேண்டுமானால் நாமேதான் தரவுக்குள் இறங்க வேண்டும். 2022 சுற்றில் 81 நாடுகள், பகுதிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 6,90,000 மாணவர்களின் விடைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோப்பை எக்செலில் திறந்து சராசரி போடுவது தவறு. பீசாவில் ஒரு மாணவர் எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதுவதில்லை; இரண்டு மணி நேரத்தில் ஒரு பகுதியைத்தான் எழுதுகிறார். அதனால் அவருக்கு ஒற்றை மதிப்பெண் கிடையாது. அவருடைய திறன் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று கணித்து, அதிலிருந்து பத்து மதிப்பெண்களை எடுத்துத் தருகிறார்கள். பிளாசிபிள் வேல்யூ என்பது இதுதான். 2012 வரை ஐந்து தந்தார்கள், 2015 முதல் பத்து. பத்தையும் கூட்டி ஆளுக்கொரு சராசரி எடுத்துக்கொண்டால் மாணவர்களுக்கிடையே உள்ள வித்தியாசம் உண்மையைவிடச் சுருங்கிவிடும். கணக்கை பத்துக்கும் தனித்தனியே போட்டு, விடைகளைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். போதாததற்கு, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு முதன்மை எடை உண்டு, அதாவது நாட்டில் எத்தனை மாணவர்களுக்கு அவர் பிரதிநிதி என்ற எண். திட்டப்பிழைக்காக, அதாவது நம் விடை எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்று கணிக்க, அதோடு இன்னும் 80 எடைகள் உண்டு. ஆக ஒரே ஒரு சராசரிக்கு 810 கணக்குகள்.

இந்த 810-ஐயும் திரைக்குப் பின்னால் சரியாகப் போட்டுத் தருவதுதான் இன்டர்நேஷனல் டேட்டா எக்ஸ்ப்ளோரரின் பெரும் பலம். அமெரிக்காவின் கல்விப் புள்ளியியல் தேசிய மையம் நடத்தும் இணையக் கருவி இது. பாடம், ஆண்டு, நாடுகள், மாறிகள் (பாலினம், வீட்டிலுள்ள புத்தகங்கள் போன்றவை) என்று தேர்ந்தெடுத்தால் போதும். அட்டவணை திட்டப்பிழையோடு வரும். இரண்டு நாடுகளுக்கு இடையிலான வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதா என்றும் அங்கேயே சோதிக்கலாம். 2022 கணிதத்தில் எஸ்டோனியா 510, சுவிட்சர்லாந்து 508. பட்டியலில் ஒன்று மேலே, ஒன்று கீழே. சோதித்தால் அந்த இரண்டு புள்ளிக்குப் பொருளே இல்லை. செய்தி எழுதுகிறவர்கள் இந்த ஒரு சோதனையை மட்டும் செய்தால்கூட எவ்வளவோ தவறான தலைப்புகள் குறையும்.

ஆனால் ஓர் அட்டவணையில் மூன்று மாறிகளுக்கு மேல் குறுக்கே கோக்க முடியாது. பள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டையும் பள்ளிக்குள் உள்ள வேறுபாட்டையும் பிரிக்கும் பல அடுக்கு மாதிரிகளுக்கு இங்கே வழியில்லை. இன்னொரு கவலையும் இருக்கிறது: 2025 மார்ச்சில் அந்த மையத்தின் ஊழியர்களில் பெரும்பாலோர் நீக்கப்பட்டார்கள். ஒரு முழு ஆய்வேட்டை இந்த ஒரே கருவியை நம்பித் தொடங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஐடிபி அனலைசர், ஐஇஏ என்னும் பன்னாட்டுக் கல்வி ஆய்வு அமைப்பு தரும் இலவச மென்பொருள். நாம் பொத்தான்களில் தேர்ந்தெடுப்பதை அது எஸ்பிஎஸ்எஸ், சாஸ் (இரண்டும் கட்டணப் புள்ளியியல் மென்பொருள்கள்) அல்லது ஆர் (இலவசப் புள்ளியியல் மொழி) கட்டளைகளாக எழுதித் தரும். துறையில் ஏற்கெனவே எஸ்பிஎஸ்எஸ் உரிமம் இருந்தால் நல்ல வழி. இல்லாதவர்கள் இதற்காக உரிமம் வாங்க வேண்டியதில்லை.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு என் பரிந்துரை ஆர். இன்ட்ஸ்வி, ஓஈசிடியே வெளியிட்ட ஆர்ரெபெஸ்ட் ஆகிய இரு தொகுப்புகளும் எடைகளையும் பத்து மதிப்பெண்களையும் ஒழுங்காகக் கையாளும். கோப்பு நூற்றுக்கணக்கான மெகாபைட். சாதாரண மடிக்கணினி திணறும். தேவையான நாடுகளை மட்டும் பிரித்துச் சேமித்துவிட்டால் சமாளிக்கலாம். எழுதிய கட்டளை கையிலேயே இருப்பதால் ஆறு மாதம் கழித்து நெறியாளர் ஒரு மாறியை மாற்றச் சொன்னாலும் பதற வேண்டாம். 2009 சுற்றின் நீட்சியான 2009+ சுற்றில் தமிழ்நாடும் கலந்துகொண்டது, வாசிப்பில் சராசரி 337. அந்த எண்ணை மேற்கோள் காட்டிப் பேசியவர்கள் பலர். அதன் பின்னணியை ஆராய விரும்புகிறவருக்கு இந்த உழைப்பு வீண்போகாது.

ஆரில் தொடங்குகிறவர்கள், தங்கள் முதல் சராசரியையும் திட்டப்பிழையையும் இணையக் கருவியின் விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சராசரியே மாறினால் முதன்மை எடை விட்டுப்போயிருக்கும். சராசரி பொருந்தித் திட்டப்பிழை மட்டும் சிறியதாக வந்தால், அந்த 80 எடைகளைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.