மூட்டைக் கணக்கில் பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பழைய புத்தகக் கடை போட இடம் பார்க்கிறவர்களுக்கு வட்ஸ்அப்பில் இப்படியொரு விலை வரும்: "கலப்புப் புத்தகம், கிலோ 180 ரூபா, கொழும்பிலிருந்து அனுப்பலாம்." கூடவே வாய் திறந்த சாக்கின் படம். மேலே நல்ல நாவல்கள், ஒரு தடித்த அகராதி.

அந்தப் படத்தை நம்பி இங்கே இறக்கியது 12 சாக்கு, 300 கிலோ. புத்தகத்துக்கு 54,000, லொறிக்கு 9,000. முழுக்காசும் முதலே போட்டாயிற்று, பிழை அங்கேதான்.

கொட்டி எண்ணினால் 940. அதில் 310 அரசாங்கத்தின் இலவசப் பாடநூல். 1980இலிருந்து பள்ளிக்கூடத்தில் சும்மா கிடைப்பதை யார் வாங்குவார்? விற்கவும் கூடாது. 140 பழைய பாடத்திட்டத்து வினாத்தாள் தொகுப்பு. 90 பூஞ்சணம் பிடித்தது, 60 முன்பக்கமோ கடைசிப் பக்கமோ இல்லாதது. மிஞ்சியது 340. புத்தகம் ஒன்று 67 ரூபா என்று நினைத்தது 185இல் வந்து நின்றது. கேட்டதற்கு, "நிறைக்குத்தானே வாங்கினீங்க?" என்றார்கள். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

சாக்கை வாய்ப்பக்கம் அவிழ்க்காதீர்கள், அடித்தையலைப் பிரித்துக் கொட்டுங்கள். ஒரு சாக்கையாவது முழுக்க எண்ணிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். புத்தகத்தை நடுவில் விரித்துப் பெருவிரலால் தள்ளுங்கள். தாள்கள் கட்டியாக ஒட்டி வந்தால் ஈரம். ஈரத்தாள் நிறை கூட, தண்ணீருக்கும் கிலோவுக்கு 180 கொடுக்கிறீர்கள். நூல்தையல் போட்டதைப் பசை ஒட்டியதிலிருந்து பிரித்து வையுங்கள். பசை காய்ந்தது வாங்குகிறவர் கையிலேயே இரண்டாகும். பாதிக் காசைச் சாக்கை இறக்கி எண்ணிய பிறகே கொடுங்கள்.

விலை போடும்போது மொத்தச் செலவை விற்கக்கூடியவற்றின் எண்ணிக்கையால் மட்டும் பிரியுங்கள். 185 விழுந்ததை 200க்குக் கொடுத்தால் கடை வாடகை கையிலிருந்து போகும். விலையை முதற்பக்க மூலையில் பென்சிலால் எழுதுங்கள், வாங்கிய மாதத்தையும் சேர்த்து; ஆறு மாதம் அசையாததைக் குறைக்க அதுதான் கணக்கு. ஸ்டிக்கர் வேண்டாம், எங்கட வெக்கைக்குப் பசை இளகி மட்டையோடு உரியும்.

பூஞ்சணம் பிடித்த 90ஐயும் 'வெயிலில் காய வைத்தால் சரி' என்று ராக்கையில் ஏற்றாதீர்கள். மாரியில் வாவிக் காற்று ஈரம் கொண்டுவரும்போது பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவும். அவை பழைய பேப்பர்காரனுக்குத்தான்.